சம்பந்தமில்லாதவை எழுதக்கூடாது

'செவ்வாயில் ஒரு வாய் இருக்கு. வாய்க்காலில் வாயும் இருக்கு, காலும் இருக்கு. தண்ணிதான் இல்லை.'

யோகநாதன் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். பலகையின் மேற்பாதியில் அவருடைய கையெழுத்து முத்து முத்தாக நின்றது. செவ்வாய் முதலாம் வாய்க்கால், புதன் இரண்டாம் வாய்க்கால், வியாழன் மூன்றாம் வாய்க்கால், வெள்ளி கடைசி வாய்க்கால். கீழ்ப்பாதியில் இந்தக் கோணல் எழுத்து.

புளியங்குளத்துக்குக் கிழக்கே, காட்டுக்குள் கொஞ்சத் தூரம் போனால் வரும் பாலைக்குளத்தில், வயல் செய்யும் கமக்காரர் அமைப்பின் செயலாளர் அவர். குளத்தில் தண்ணீர் குறைந்த சிறுபோகக் காலம். எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் தண்ணீர் திறப்பது என்பதை மண்டபத்து முன்சுவரில் தொங்கும் அந்தக் கரும்பலகைதான் ஊருக்குச் சொல்லும்.

"ஆர் மீனம்மா இதை எழுதினது?"

மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்த மீனம்மா நிமிர்ந்தாள். மலைநாட்டிலிருந்து வந்து கடைசி வாய்க்கால் ஓரத்தில் குடியிருப்பவள். மண்டபம் கூட்டுவதும் கூட்ட நாட்களில் தேத்தண்ணீர் ஊற்றுவதும் அவள் பொறுப்பு.

"நான் கூட்டுறப்ப பலகையெல்லாம் பாக்கறதில்லீங்க ஐயா," என்றாள். சொல்லிவிட்டு வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

யோகநாதன் தோளில் கிடந்த சால்வையால் கீழ்ப்பாதியை அழித்தார். அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் விடுகிற ஆள் செயலாளராக வருவதில்லை.

மறுநாள் அதே வரி அதே இடத்தில் இருந்தது. அதன் கீழே வேறொருவர் பதில் எழுதியிருந்தார்: 'கால் இருக்கிறபடியால்தான் தண்ணி நடந்து வருது. ஓடி வரச் சொல்லுங்கோ.'

சண்டை காரணமாகப் பற்றரிக்கும் சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் தடை இருந்த காலம் அது. பள்ளிக்கூடத்திலேயே வெண்கட்டியைக் கிள்ளிக் கிள்ளித்தான் கொடுத்தார்கள். அப்படியிருக்க, இந்தப் பகிடி எழுத மட்டும் எங்கிருந்தோ வெண்கட்டி கிடைத்துக்கொண்டிருந்தது. யோகநாதனுக்கு அதுவேறு எரிச்சல்.

இன்னும் சில கிழமைகளில் ஆண்டுப் பொதுக்கூட்டம். இதுவரை எல்லா வருடமும் போட்டியில்லாமல் தெரிவானவர் அவர். ஊரில் கலியாணம் என்றால் முன்வரிசைக் கதிரை, கோயில் திருவிழா என்றால் மாலை, எல்லாம் செயலாளர் என்ற அந்தச் சொல்லுக்குத்தான். அந்தச் சொல்லைக் கழற்றி எடுத்துவிட்டால் அவர் இரண்டாம் வாய்க்காலில் மூன்று ஏக்கர் விதைக்கும் இன்னொரு மனிதர். அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்காது.

ஆகவே பலகையின் நடுவில் கோடு கிழித்து, கொட்டை எழுத்தில் எழுதினார்: 'சம்பந்தமில்லாதவை எழுதக்கூடாது. இப்படிக்கு, செயலாளர்.'

மறுநாள் காலை அதன் கீழே மூன்று கையெழுத்துகள் இருந்தன.

'சம்பந்தம் பேச வந்தவை எழுதலாமோ?'

'மாப்பிள்ளை எந்த வாய்க்கால்?'

'கடைசி வாய்க்கால் எண்டால் பொம்பிளை தரமாட்டம். குளிக்கவும் தண்ணி வராது.'

பலகைக்கு முன்னால் ஒரு சிறு கூட்டம் நின்றது. யோகநாதனைக் கண்டதும் எல்லோரும் மிகவும் மரியாதையாக விலகி வழிவிட்டார்கள். ஒருவர்கூடப் போகவில்லை. அவர் முகம் சிவப்பதையும், சால்வையை இழுத்துப் பலகையை அறைந்து அழிப்பதையும், நின்று பார்த்துவிட்டே வயலுக்குப் போனார்கள்.

அன்றைக்கென்று மீனம்மா கையைப் பிசைந்துகொண்டு வந்தாள்.

"ஐயா, என் கறுப்புக் கெடாயக் காணோங்க. பலகையில எழுதலாங்களா?"

"கிடாய்க்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்?"

"தண்ணி குடிக்கத்தானுங்க போச்சு."

யோகநாதன் யோசித்தார். நியாயமான கோரிக்கைதான். ஆனால் கிடாயை உள்ளே விட்டால் பின்னால் மாடு வரும், மாட்டின் பின்னால் முழு ஊரும் வரும். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை பிறந்தது. தண்ணீருக்கு ஒரு பலகை, மற்றக் கதைகளுக்கு இன்னொரு பலகை.

வீட்டில் கிடந்த பழைய கதவை எடுத்து, செத்துப்போன பற்றரிகளை உடைத்துக் கரியை எடுத்து, ஊமத்தம் இலைச் சாற்றில் குழைத்துப் பூசினார். நல்ல கறுப்பாக வந்தது. 'பொது விடயங்கள்' என்று தலைப்பெழுதி மண்டபத்துப் பக்கச் சுவரில் மாட்டினார். முதல் அறிவித்தல் மீனம்மாவுடையது. ஒரு பக்கமாகச் சாய்ந்த எழுத்தில் அவளே எழுதினாள்: 'கறுப்புக் கிடாயைக் காணவில்லை. கண்டவர்கள் கட்டி வைக்கவும்.'

மறுநாள் அதன் கீழே, 'ஆருக்குக் கட்டி வைக்கிறது? சம்பந்தம் பேசினது இந்தக் கிடாய்க்கோ?' என்று இருந்தது. யோகநாதனுக்குக் கோபம் வரவில்லை. அதற்கென்றே மாட்டிய பலகைதானே. பெரிய பாரம் இறங்கியதுபோல் மூச்சு விட்டுக்கொண்டு, இனி அந்தப் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை என்று முடிவுகட்டினார்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் வாய்க்கால்காரர்கள் ஒன்றாகத் திரண்டு வந்தார்கள். முன்னால் சிவராசா நின்றான். ஊரில் உழவு மிசின் வைத்திருக்கும் ஒரே ஆள். எதைச் சொன்னாலும் சிரிப்பான். அன்றைக்கும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

"யோகண்ணை, மூண்டாம் வாய்க்கால் மதகிலை ஓட்டை. முறைத் தண்ணி முழுக்கக் காட்டுக்குள்ளை போயிட்டுது. பண்டியள் குளிச்சு முடிஞ்சுது."

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"பலகையிலை எழுதினனாங்கள்."

"எந்தப் பலகையிலை?"

"பொதுப் பலகையிலை. மதகு பொதுச் சொத்துத்தானே அண்ணை."

யோகநாதன் பக்கச் சுவருக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். உண்மைதான். கிடாய்க்குப் பொருத்தம் பார்த்த ஆறு வரிகளுக்குக் கீழே, மதகு ஓட்டை பற்றிய அறிவித்தல் ஒழுங்காக, திகதியோடு இருந்தது. முன்பலகையில் வழக்கம்போல் பகிடி. செவ்வாய்க்கும் வாய்க்காலுக்கும் இடையில் இப்போது வெள்ளியும் சேர்ந்து, 'வெள்ளி எண்டு சொல்லிப்போட்டுத் தகரம் தாறியள்' என்று இருந்தது.

கதவு திரும்ப வீட்டுக்குப் போனது.

அடுத்து அவர் கண்டுபிடித்தது வீரபாகுவை. தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கண்டிப்பானவர். வேறு வேலையும் இல்லாதவர். மண்டப வாசலில் ஒரு கதிரை போட்டு, கையில் கூட்டுகிற தும்புத்தடி ஒன்றும் கொடுத்து, காவலுக்கு இருத்தினார்.

"சம்பந்தமில்லாமல் ஆரும் எழுத வந்தால் கலைச்சுவிடுங்கோ அண்ணை."

"நீர் யோசியாமல் போம் தம்பி. என்னைத் தாண்டி ஒரு புள்ளியும் விழாது."

இரண்டு நாள் புள்ளி விழவில்லை. மூன்றாம் நாள் பலகையில் ஒரு வெண்பா இருந்தது. தண்ணீர், தாமதம், செயலாளர், சைக்கிள் நான்கும் அதில் எதுகை மோனையோடு வந்திருந்தன.

"என்ன அண்ணை இது?"

வீரபாகு தொண்டையைச் செருமினார். "எழுதினது நானில்லைத் தம்பி. வந்தவங்கள் எழுதினதிலை தளை தட்டிச்சுது. அப்பிடியே விட்டால் ஊருக்கு மானக்கேடு. அதைத்தான் கொஞ்சம் திருத்திவிட்டனான்."

"நீங்கள் காவலுக்கு இருந்தனீங்களோ, இல்லாட்டில் திருத்துறதுக்கு இருந்தனீங்களோ?"

"தரமில்லாததைக் கலைச்சுத்தான் விட்டனான்," என்றார் வீரபாகு, மனம் நொந்தவராக.

அவர் இருந்த நாட்களில் பகிடியின் தரம் கூடிவிட்டது என்பது உண்மை. பக்கத்துக் குளத்துக் கமக்காரர்களும் சைக்கிள் உழக்கி வந்து வாசித்துவிட்டுப் போனார்கள்.

யோகநாதன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். முன்பலகையைக் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய், முற்றத்து மாமரத்தில் தொங்கவிட்டார். என் வீட்டு முற்றத்தில், என் கண்ணுக்கு முன்னால் எவன் எழுதுவான் பார்க்கலாம் என்பது அவர் எண்ணம்.

எவனும் எழுதவில்லை. ஆனால் தண்ணீர் முறை பார்க்க ஊர் முழுவதும் முற்றத்துக்கு வந்தது. வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? அவருடைய மனைவி விமலேஸ்வரி தேத்தண்ணீர் ஊற்றினாள். சீனி இல்லாத காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து அவளுடைய தமையன் படாத பாடு பட்டு அனுப்பிய பனங்கட்டி ஓலைக் குட்டான் குசினிக்குள் நாளுக்கு நாள் மெலிந்தது. வந்தவர்கள் முறையைப் பார்த்த பிறகும் போகாமல், மாமரத்தின் கீழ் இருந்து வாயாலேயே பகிடி விட்டார்கள்.

ஒரு நாள் வயலால் வந்தபோது பலகையில் புது வரி ஒன்று நின்றது: 'தேத்தண்ணி குடிக்க வாறவை தயவுசெய்து பனங்கட்டியும் கொண்டு வாங்கோ.'

யோகநாதன் குசினி வாசலில் போய் நின்றார்.

"விமலா, நீரும் எழுதினனீரோ?"

"ஓம், எழுதினனான்."

"அது சம்பந்தமில்லாதது."

"என்ரை பனங்கட்டிக்கும் எனக்கும் சம்பந்தமில்லையோ? இஞ்சை பாருங்கோ, ஒண்டில் அந்தப் பலகை இஞ்ச இருக்கட்டும், இல்லாட்டில் நான் இருக்கிறன்."

அவர் திரும்ப முற்றத்துக்கு வந்தபோது அவளுடைய வரிக்குக் கீழே பதில் வந்திருந்தது: 'பனங்கட்டி இல்லை. கிடாய் கொண்டு வரலாமோ?' மீனம்மாவின் கிடாய் எப்போதோ கிடைத்துவிட்டது. ஆனால் ஊர் அதை விடுவதாக இல்லை.

பலகை மண்டபத்துக்குத் திரும்பிய அன்றுதான் இடி விழுந்தது. பொதுக்கூட்டத்தில் செயலாளர் பதவிக்குச் சிவராசா கேட்கப்போகிறானாம்.

"உண்மையோ தம்பி?" என்று யோகநாதன் அவனையே மறித்துக் கேட்டார்.

"சனம் கேக்கச் சொல்லுது அண்ணை," என்றான் சிவராசா சிரித்துக்கொண்டு. "எனக்கெண்டால் உந்தப் பலகையிலை ஆரும் என்னவும் எழுதலாம். எழுதுறவை எழுதட்டுமே, என்ன குறைஞ்சு போகுது."

அன்றிரவு யோகநாதன் சாப்பிடவில்லை. விமலேஸ்வரி சோற்றுக் கோப்பையை மூடிவிட்டு அருகில் வந்து இருந்தாள்.

"நான் ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. உங்கடை முகம் சிவக்கிறதைப் பாக்கத்தான் உவை எழுதுகினம். நீங்கள் ஒருக்கால் சிரிச்சுப் போட்டு விடுங்கோவன். தன்ரை பாட்டிலை நிண்டுபோம்."

"சிரிக்கிறதோ? நானோ?"

"சிவராசா சிரிச்சுத்தானே சனத்தைப் பிடிக்கிறான்."

அது அவருக்கு உறைத்தது. கண்ணாடிக்கு முன்னால் நின்று கொஞ்சம் பழகிப் பார்த்தார். மறுநாள் பலகைக்கு முன்னால் வழக்கமான கூட்டம் நின்றது. யோகநாதன் இறங்கி, புதிதாக வந்திருந்த பகிடியை வாசித்து, பல் தெரியச் சிரித்தார்.

"நல்லாயிருக்கு," என்றார். "இன்னும் ரெண்டு வரி எழுதியிருக்கலாம்."

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. அவர் சால்வையைத் தொடாமல், பகிடியை அழிக்காமல் சைக்கிளில் ஏறிப் போனார். அதற்கு அடுத்த நாளும் சிரித்தார். ஒரு வரியில் மெய்யெழுத்துக்கு விட்டுப்போன குற்றைத் தானே வைத்தும் கொடுத்தார்.

மத்தியானம் வீரபாகு வேலியால் எட்டிப் பார்த்து விமலேஸ்வரியிடம் மெல்லக் கேட்டார்.

"தங்கச்சி, யோகநாதனுக்குச் சுகமில்லையோ? மலேரியா மூளைக்கு ஏறினாலும் இப்பிடித்தானாம். ஒருக்கா இரத்தம் பாத்தால் நல்லது."

கிழமை முடிவதற்குள் பலகை சுத்தமாகிவிட்டது. மேற்பாதியில் தண்ணீர் முறை, கீழ்ப்பாதியில் வெறும் கறுப்பு. எந்தக் கட்டளையாலும் எந்தக் காவலாலும் முடியாததை ஒரு சிரிப்புச் செய்துவிட்டது. யோகநாதன் வென்றுவிட்டார்.

வென்றவருக்கு ஏன் இப்படி இருக்கிறது என்றுதான் அவருக்கு விளங்கவில்லை. காலையில் எழும்பியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு விரைவது பழகிவிட்டிருந்தது. இப்போது அங்கே போனால் வாசிக்க அவர் எழுதியதைத் தவிர வேறொன்றும் இல்லை. ஊர்ச்சனமும் பலகைப் பக்கம் வருவதில்லை. முறை மாறியது தெரியாமல் இரண்டு பேர் பிழையான நாளில் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றார்கள். மனதுக்குள் பெரிய வெறுமையாக இருந்தது. அதை ஒருவரிடமும் சொல்ல முடியாது.

கூட்டம் நெருங்க நெருங்க, எதிரே வருகிறவர்கள் அவரைக் கண்டால் குனிந்துகொண்டார்கள். மூன்றாம் வாய்க்கால் முழுவதும் சிவராசா பக்கமாம். கடைசி வாய்க்காலும் அப்படித்தானாம். வீரபாகுவும்கூடச் சிவராசாவின் உழவு மிசின் பெட்டியில் ஏறிப் புளியங்குளம் போய்வந்ததை யோகநாதன் தன் கண்ணால் கண்டார்.

"மதகு ஓட்டைதான் என்னை விழுத்தப்போகுது," என்றார் விமலேஸ்வரியிடம்.

"சிரிப்பை விட்டுடாதேங்கோ," என்றாள் அவள்.

பொதுக்கூட்டத்தன்று வெள்ளை வேட்டி உடுத்து, திருநீறு பூசி, சிரிப்பையும் முகத்தில் சரிசெய்துகொண்டு போனார். மண்டபத்துக்குள் சனம் நிறைந்திருந்தது. முதல்நாளே பலகையை உள்ளே கொண்டுவந்து மேடைச் சுவரில் சாய்த்து, 'ஆண்டுப் பொதுக்கூட்டம். அனைவரும் வருக' என்று அவர்தான் எழுதி வைத்திருந்தார்.

இப்போது அதன் கீழே, ஒரு பக்கமாகச் சாய்ந்த எழுத்தில் இன்னொரு அறிவித்தல் இருந்தது.

'செயலாளர் ஐயாவின் கோபத்தைக் காணவில்லை. கண்டவர்கள் கட்டி இழுத்து வரவும்.'

மண்டபம் முழுவதும் அவர் முகத்தையே பார்த்தது.

யோகநாதன் சிரிக்கத்தான் பார்த்தார். உதடு பாதி தூரம் போனது. அதற்குமேல் போகவில்லை. அடக்கி வைத்த அத்தனை நாள் கோபமும் காதால் புகைந்து வெளியே வந்தது.

"ஆரடா எழுதினவன்?" மேசையில் ஓங்கி அறைந்தார். மேசையிலிருந்த தண்ணீர்ச் செம்பு உருண்டது. "பலகை என்னத்துக்கு இருக்கு? தண்ணி முறை எழுத இருக்கு. கிடாய்க்குச் சம்பந்தம் பேச இல்லை, வெண்பா பாட இல்லை, என்ரை மனிசி பனங்கட்டி கேக்கவும் இல்லை. இஞ்ச நான் செயலாளரா இருக்குமட்டும் இந்தப் பலகையிலை சம்பந்தமில்லாமல் ஒரு கோடு கீறட்டும் பாப்பம். கீறின கையை முறிச்சு அடுப்பிலை வைப்பன்."

சால்வையை உருவிப் பலகையை அறைந்து அழித்தார். அழித்த வேகத்தில் தன் சொந்த அறிவித்தலும் அழிந்தது. பலகை சரிந்து விழுந்தது. வெண்கட்டித் தூளில் அவர் முகமும் வேட்டியும் ஒரே வெள்ளை. இருமி இருமி அவர் நிமிர்ந்தபோது மண்டபமே குனிந்திருந்தது. எல்லோருடைய தோள்களும் குலுங்கின. அழுகிறார்கள் போலும், அவ்வளவு தூரம் வெட்கப்படுத்திவிட்டேனே என்று அவருக்கே கொஞ்சம் கவலையாகப் போய்விட்டது.

எல்லாம் முடிந்தது, பதவியும் போனது என்று கதிரையில் விழுந்தார்.

அப்போது சிவராசா எழும்பி, தான் போட்டியிலிருந்து விலகுவதாகச் சொன்னான். "யோகண்ணையை விட்டால் இந்த ஊருக்கு ஆர் இருக்கினம்?" என்று முதற்கையை அவனே உயர்த்தினான். வீரபாகு இரண்டு கையையும் உயர்த்தினார். பிறகு மண்டபத்தில் உயராத கை இல்லை.

மாலையும் கழுத்துமாக யோகநாதன் வெளியே வந்து, மரத்தின் கீழ் இருந்த கதிரையில் அமர்ந்தார். மீனம்மா வெறுந்தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதை வாங்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

"பாத்தியோ மீனம்மா," என்றார். "நான் சிரிச்சுத் திரிஞ்சது பிழை. கண்டிப்பாக் கதைச்சால்தான் சனம் மதிக்கும்."

"ஆமாங்க ஐயா."

"ஆனாலும் அந்த வரியை எழுதினவனைச் சும்மா விடன். கூட்டத்தண்டு பாத்து என்னை விழுத்தவெண்டே எழுதியிருக்கிறான். என்ரை பரம எதிரி அவன்தான்."

மீனம்மா கோப்பைத் தட்டை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, வெண்கட்டி படிந்த விரல்களைச் சீலையில் துடைத்தாள்.

"கோவப்படாத ஆளுதான் வேணும்னா சிவராசாவே போதும், அவருகிட்ட மிசினாச்சும் இருக்குன்னு நேத்து வரைக்கும் ஊரே முடிவா இருந்துச்சுங்க ஐயா. அதான் காலையில கூட்ட வந்தப்ப நானே எழுதிட்டேன்."